லைட்வெயிட் டிரெக்கிங் ஸ்டிக்: நீண்ட நடைக்குக் கார்பனா, அலுமினியமா?

தண்டையார்பேட்டை_நடை:

வணக்கம். புரட்டாசியில் செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குப் பாதயாத்திரை. தீபாவளி கழிந்ததும் மேற்கு வங்கத்தில், டார்ஜிலிங் பக்கத்து மானேபஞ்சனில் தொடங்கி சந்தக்ஃபூ, ஃபாலுட் பக்கம் 6 நாள் மலை நடை. மாசியில் வெள்ளியங்கிரி. மூன்றுக்கும் ஒரே ஜோடி ஸ்டிக் வாங்க நினைக்கிறேன். எடை குறைவாக இருக்க வேண்டும்.

என் உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. மலையில் பை 9 கிலோ வரும். இறக்கத்தில் வலது முழங்கால் சிப்பிக்குக் கீழே வலிக்கிறது, ஏற்றத்தில் வலி இல்லை. பார்த்து வைத்திருப்பவை மூன்று:

1. மடக்கும் கார்பன் ஸ்டிக். ஜோடி 290 கிராம். நீளம் மாற்ற முடியாது. 110, 120 என இரண்டு அளவில் மட்டும் கிடைக்கிறது.
2. நீட்டிச் சுருக்கும் கார்பன் ஸ்டிக், கிளிப் லாக் (நீட்டிய துண்டை மடக்கி மூடும் கிளிப்பால் பிடித்து நிறுத்தும் வகை). ஜோடி 400 கிராம்.
3. நீட்டிச் சுருக்கும் 7075 அலுமினியம், கிளிப் லாக். ஜோடி 510 கிராம்.

வீடு காசிமேட்டுப் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டர்தான். ஜன்னல் கம்பியே வருடத்துக்கொரு முறை பெயின்ட் கேட்கும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒரு பழைய அலுமினிய ஜோடி, திருகும் லாக் வகை, இறுகிப்போய் நீட்டவே வரவில்லை. புதிதாக வாங்குவதும் அப்படி ஆகிவிடக் கூடாது. 20 கிலோமீட்டர் நடையில் 100 கிராம் வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பேசின்பிரிட்ஜ்_கியர்:

முதல் மாடலை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். உயரத்தை 0.68-ஆல் பெருக்கினால் சமதளத்துக்கான நீளம் கிட்டத்தட்ட வந்துவிடும். உங்களுக்கு 114, அதாவது 115 செ.மீ. முனையைக் கால் விரலுக்குப் பக்கத்தில் ஊன்றிப் பிடித்தால் முழங்கை 90 டிகிரியில் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. ஏற்றத்தில் இதிலிருந்து 5 முதல் 10 செ.மீ. குறைக்க வேண்டும், நீளமான இறக்கத்தில் அதே அளவு கூட்ட வேண்டும். நீளம் மாறாத ஸ்டிக்கில் 110 வாங்கினால் இறக்கத்தில் முதுகு முன்னால் குனியும். 120 வாங்கினால் ஏற்றத்தில் ஒவ்வொரு ஊன்றலுக்கும் தோளைத் தூக்க வேண்டி வரும். முழங்கால் வலிக்காக வாங்குகிறவருக்கு இறக்கத்து நீளம் சரியாக அமைவதுதான் முக்கியம்.

இன்னொரு காரணமும் உண்டு. 290 கிராம் ஜோடி என்பது மலையோட்டக்காரர்களுக்கான பொருள். அவர்கள் முதுகில் கனம் இருக்காது, ஸ்டிக்கில் முழு பாரமும் போட மாட்டார்கள். நீங்களும் பையுமாக 91 கிலோ. கல்லுக்கு நடுவே முனை சிக்கி, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தால் மெல்லிய கார்பன் தாங்காது.

கார்பன் எப்படி உடைகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நார்கள் பெரும்பாலும் குழாயின் நீளவாக்கில் ஓடுகின்றன. மேலிருந்து நேராக அழுத்தினால் நன்றாகத் தாங்கும், குறுக்கே அடிபட்டால் பலவீனம். பாறை விளிம்பில் உரசி நார் அறுந்த இடம் வெளியே ஒரு சின்னக் கீறலாகத்தான் தெரியும். அடுத்த நாளோ அடுத்த நடையிலோ, பாரம் விழும்போது அந்த இடத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். ஒவ்வொரு நாள் முடிவிலும் துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல், பிசிறு, அமுக்கினால் லேசாக நெகிழும் இடம் ஏதாவது தட்டுப்பட்டால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். அலுமினியம் முதலில் வளையும். வளைந்த ஸ்டிக்கை வைத்துக்கொண்டு அன்றைய நடையை முடித்துவிடலாம்.

எடைக் கேள்விக்கு வருகிறேன். ஒரு எட்டு 70 செ.மீ. என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,430 எட்டு. ஒரு ஸ்டிக் இரண்டு எட்டுக்கு ஒரு தரம் ஊன்றப்படும், அதாவது சுமார் 715 தரம். 20 கிலோமீட்டரில் 14,000 தரத்துக்கு மேல். ஆகவே வித்தியாசம் தெரியும். ஆனால் பெட்டியில் அச்சடித்த மொத்த எடை அதைச் சொல்லாது. கையில் சுமப்பது ஒன்று, வீசி எடுத்து ஊன்றுவது வேறு. பிடிப் பக்கத்தில் 50 கிராம் கூடினால் கை கண்டுகொள்ளாது. முனைப் பக்கத்தில் 15 கிராம் கூடினாலே சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும்.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். 115 செ.மீ.க்கு நீட்டி லாக் போட்டு, ஆள்காட்டி விரல் மேல் படுக்க வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளி பிடிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது, மூன்றாவது மாடல்களை அருகருகே இப்படி வைத்துப் பார்த்தால், 110 கிராம் வித்தியாசத்தில் எவ்வளவு கீழ்த் துண்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எடை ஒரு ஸ்டிக்குக்கா ஜோடிக்கா என்பதையும் கேளுங்கள். ஒற்றையாக விற்கும் கடைகளில் ஒரு ஸ்டிக்கின் எடைதான் எழுதியிருக்கும், அதை ஜோடியின் எடை என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய பேர்.

உள்ளே ஸ்பிரிங் வைத்த ஆன்டி ஷாக் வகை வேண்டாம். எடை கூடும், நாளடைவில் கடகடக்கும், ஊன்றும் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் அமுங்கித் தள்ளும் விசையைத் தின்றுவிடும். முனைக்குச் சற்று மேலே மாட்டும் பிளாஸ்டிக் வட்டுக்குப் பாஸ்கெட் என்று பெயர்; அதில் பனிக்கான பெரியதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 5 செ.மீ. அளவுள்ள சின்ன பாஸ்கெட் போதும். மண் பாதையில் முனை புதையாமல் காப்பதும், கல் இடுக்கில் ஆழமாக இறங்காமல் தடுப்பதும் அதுதான்.

என் தேர்வு மூன்றாவது. எடையைவிட லாக் முக்கியம். அதையும் வாங்கும்போதே சோதியுங்கள்: நீட்டி கிளிப்பை மூடி, லாக்குக்குச் சற்றுக் கீழே இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி, இரண்டு உள்ளங்கையையும் பிடியின் தலையில் வைத்து உடம்பின் பாரத்தை நேராக இறக்குங்கள். டேப்புக்கும் லாக்குக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் லாக் நழுவுகிறது என்று அர்த்தம். கிளிப்பின் திருகைக் கால் சுற்று முறுக்கி மறுபடி பாருங்கள். கிளிப்பை மூட இரண்டு கை தேவைப்பட்டால் முறுக்கியது அதிகம். அலுமினியம் அதைப் பொறுத்துக்கொள்ளும். கார்பன் குழாயின் வாய் நீளவாக்கில் விரிசல் விடும்.


மணலி_ஃபிட்டர்:

மேலே சொன்ன தம்பியோடு உடன்படுகிறேன். உப்புக்காற்று விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் எந்த ஸ்டிக் வாங்கினாலும் காசு வீண்.

7075 அலுமினியத்தில் துத்தநாகமும் செம்பும் சேர்ந்திருக்கும். நிரந்தரமாக வளையாமல் தாங்கும் அதன் வலிமை (யீல்ட் ஸ்ட்ரெங்த்) 500 மெகாபாஸ்கல் அளவு. 6061 என்ற இன்னொரு அலுமினியக் கலவைக்கு 275 அளவுதான். அதனால்தான் 7075-இல் குழாயை மெல்லியதாக இழுத்து எடையைக் குறைக்க முடிகிறது. ஆனால் அந்தச் செம்பே உப்பு ஈரத்தில் அதன் எதிரி. துருப்பிடிக்காமல் இருப்பதில் 6061-தான் மேல். 7075 குழாயைக் காப்பது மேலே இருக்கும் அனோடைஸ் பூச்சு. கல்லில் உரசிப் பூச்சு போன இடத்தில் வெள்ளைப் புள்ளி பூக்கும். பூத்தால் அங்கிருந்துதான் குழி விழ ஆரம்பிக்கும்.

கார்பன் ஆனால் துருவே பிடிக்காதே என்று நினைக்க வேண்டாம். கார்பன் ஸ்டிக்கிலும் இணைப்புகளில், மடக்கும் மூட்டுகளில் அலுமினியம் இருக்கும். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும், அரிக்கப்படுவது அலுமினியம்தான். தனியாக இருக்கும் அலுமினியத்தைவிட வேகமாக அரிக்கும். நல்ல தயாரிப்பில் நடுவே பசையோ கண்ணாடி இழையோ வைத்துப் பிரித்திருப்பார்கள். மலிவானதில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

உங்கள் பழைய ஜோடி இறுகியதும் இதே கதையாகத்தான் இருக்கும். ஈரத்தோடு சுருக்கி வைத்தால், இரண்டு குழாய்களுக்கு நடுவே இருக்கும் முடியளவு இடைவெளியில் வெள்ளைப் பொடி உண்டாகும். அலுமினியம் இருந்த இடத்தைவிட அந்தப் பொடிக்கு இடம் அதிகம் வேண்டும். அது உப்பி இரண்டையும் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. மழை மட்டுமல்ல, பிடியிலிருந்து வழியும் வியர்வையும் உப்புத்தான்.

நடந்து வந்த அன்றே செய்ய வேண்டியது: லாக்கைத் திறந்து துண்டு துண்டாக முழுக்க உருவிவிடுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொன்றையும் துடையுங்கள். தெருக்குழாய் போர் தண்ணீர் நம் பக்கம் பல இடங்களில் உப்பு. குடிக்கிற தண்ணீர் அரை டம்ளர் எடுத்தாலே போதும். வெளிக்குழாயின் உள்பக்கம் நீளக் குச்சியில் துணி சுற்றி ஒரு இழுப்பு. பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி, பிரித்தே வையுங்கள். காய்ந்ததும் சேர்த்து, லாக்கை இறுக்காமல் தளர்வாக, அலமாரிக்குள். பால்கனி, மொட்டை மாடி அறை, பைக் டிக்கி மூன்றும் ஆகாது. நடக்காத மாதத்திலும் ஒரு தரம் உருவிப் பார்த்துத் துடையுங்கள்.

குழாயில் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் போடாதீர்கள். வழவழவென்று நீளும், ஆனால் லாக் பிடிக்காது. பாரம் போட்டதும் சறுக்கி இறங்கி ஆள் முகங்குப்புற விழுவார். கிளிப்பின் திருகுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

கடற்கரை மணலில் பழகுவதானால் பழைய ஸ்டிக்கை எடுத்துப் போங்கள். லாக்குக்குள் புகும் மணல் ஒவ்வொரு நீட்டலிலும் பூச்சைத் தேய்க்கும்.


தண்டையார்பேட்டை_நடை:

இருவருக்கும் நன்றி. மூன்றாவது என்று முடிவு செய்துவிட்டேன். இனி மூன்று சந்தேகம். முழங்காலுக்கு உண்மையில் எவ்வளவு நன்மை? ஒரு ஸ்டிக் போதுமா, இரண்டும் வேண்டுமா? வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கழி இருக்கும்போது அங்கே இதைக் கொண்டு போவதில் பயன் உண்டா?


பெரம்பூர்_பிசியோ:

இறக்கத்தில் நன்மை உண்டு, அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான சால்ஸ்பர்க் ஆய்வில் 25 டிகிரி சரிவில் 8 ஆண்களை ஸ்டிக்கோடும் இல்லாமலும் இறங்க வைத்து அளந்தார்கள். முழங்கால் மூட்டில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தன. அது செங்குத்தான சரிவு, ஆட்களும் குறைவு. ஆகவே இந்த எண்ணைச் சமதளத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சமதளத்தில் கையும் வேலை செய்வதால் உடம்பு மொத்தமாகச் செலவழிக்கும் சக்தி சற்றுக் கூடவே செய்யும். கால் களைப்பு கைக்குப் பங்கு பிரிகிறது, அவ்வளவுதான்.

இந்த நன்மை ஸ்டிக் கையில் இருப்பதால் வராது, அதன் மேல் பாரம் இறங்கினால்தான் வரும். பெரும்பாலோர் ஸ்ட்ராப்பைத் தப்பாக மாட்டுகிறார்கள். கையை மேலிருந்து வளையத்துக்குள் விடக் கூடாது. வளையத்தின் அடியிலிருந்து கையை மேலே நுழைத்து, பிறகு ஸ்ட்ராப்பையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஸ்ட்ராப் உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவே வரும். மணிக்கட்டு அதன் மேல் உட்கார்ந்து பாரத்தை இறக்கும். விரல்கள் ஸ்டிக்கை வழி நடத்தினால் போதும், இறுக்க வேண்டியதில்லை. விரல் மரத்துப்போவதும், கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வருவதும் இறுக்கிப் பிடிப்பதால்தான். நம் ஊர் வியர்வைக்குக் கார்க் பிடி நல்லது. ஃபோம் பிடி மெத்தென்று இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சும், அடிக்கடி சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கெட்டி ரப்பர் பிடி ஈரக் கையில் தோலை உரித்துவிடும்.

கல் குவியலில், ஓடை கடக்கும்போது, தளர்ந்த மண் சரிவில் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள். முனை சிக்கி ஆள் விழும்போது ஸ்ட்ராப் மாட்டியிருந்தால் மணிக்கட்டும் கட்டைவிரலும் முறுக்கிக்கொள்ளும்.

இறங்கும் முறை: நீளத்தை 120-க்கு மேல் கூட்டுங்கள். முனையை உடம்புக்கு முன்னால் ஒரு அடி தூரத்துக்குள் ஊன்றுங்கள். அதற்கு மேல் தூரமாக ஊன்றினால் இடுப்பு பின்னால் தங்கி, குதிகால் வழுக்கும். உயரமான படி வந்தால் முதலில் இரண்டு ஸ்டிக்கும் கீழ்ப்படியில், பிறகு பாரம் கைக்கு, அதன் பிறகு கால். அந்த வரிசை மாறினால் பயன் இல்லை. கால் இறங்கின பிறகு ஊன்றுகிறவருக்கு முழங்காலில் விழ வேண்டியது முழுதும் விழுந்து முடிந்திருக்கும். வலிக்கிற வலது காலை முதலில் கீழே இறக்குங்கள். ஏறும்போது இடது கால் முதலில். ஏற்றத்தில் முனை காலுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து ஊன்ற வேண்டும், தள்ளுவதற்கு. முன்னால் ஊன்றி உடம்பை இழுத்தால் தோள் வலிதான் மிச்சம்.

ஒரே ஸ்டிக்தான் இருக்கிறது என்றால் அது இடது கையில், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கம். சில மணி நேரத்துக்கு அது போதும். 6 நாள் நடைக்கு இரண்டும் வேண்டும். ஒற்றை ஸ்டிக்கோடு தினமும் 15 கிலோமீட்டர் என்றால் இடுப்பு ஒரு பக்கமே சாய்ந்து பழகி, கீழ் முதுகு பிடித்துக்கொள்ளும்.

சந்தக்ஃபூ 3,636 மீட்டர். அங்கிருந்து குர்தும் வழியாக சிரிகோலாவுக்கு இறங்கும் காட்டுப் பாதைதான் உங்கள் முழங்காலுக்குச் சோதனை. ஒரே மூச்சில் 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம். அதற்கு இங்கேயே பழகிக்கொள்ளலாம். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் நாலு மாடிப்படி போதும். 6 வாரம் முன்பே தொடங்கி, வாரம் 3 நாள், மெதுவாக இறங்குவதில் கவனம் வைத்து 10 சுற்று. கடைசி 3 வாரம் பையில் 5 லிட்டர் தண்ணீர் கேன். படிக்கட்டில் ரப்பர் முனை கட்டாயம். முதல் வாரம் மேல் கையின் பின்தசை வலிக்கும். கை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, நடக்கும்போது நடுவில் பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கினாலோ, அது ஸ்டிக்கால் சரி செய்கிற விஷயமில்லை. புறப்படும் முன் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.


திருவொற்றியூர்_பாதயாத்திரை:

மலை விஷயம் மேலே வந்துவிட்டது. தார் ரோட்டுக்கு மட்டும் என் பங்கு.

ரோட்டில் ரப்பர் முனை இல்லாமல் நடக்கவே கூடாது. ஸ்டிக்கின் நுனியிலேயே இருக்கும் கெட்டியான டங்ஸ்டன் கார்பைடு முனை தாரில் வழுக்கும், ஒவ்வொரு ஊன்றலின் அதிர்வும் முழங்கைக்கு ஏறும், கூட வருகிறவர்களுக்கு அந்தச் சத்தமே தாங்காது. அடி அகலமான மணி வடிவ ரப்பர் வாங்குங்கள். சர்ஜிகல் கடையில் கிடைக்கும் ஊன்றுகோல் புஷ் இதற்குச் சேராது. அதன் துளை பெரும்பாலும் பெரிது, டிரெக்கிங் ஸ்டிக்கின் பிளாஸ்டிக் முனை 11, 12 மி.மீ.தான், ஒரு கிலோமீட்டரில் கழன்று விழுந்துவிடும். சென்னையிலிருந்து திருப்பதிக்கு 130 கிலோமீட்டருக்குக் குறையாது. மாட்டியிருப்பது போக இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். ஊன்றும்போது மெத்தென்ற சத்தம் மாறி ‘டக்’ என்று கேட்டால் உள்ளே இருக்கும் உலோகம் தரையைத் தொட்டுவிட்டது, உடனே மாற்றுங்கள். இழுத்துக்கொண்டு நடந்தால் சீக்கிரம் தேயும், தூக்கி வைத்தால் நிறைய தூரம் வரும். மழைச் சேற்றில் ரப்பர் உருவிக்கொள்ளாமல் இருக்க, மாட்டும் முன் பிளாஸ்டிக் முனையில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிட்டு அழுத்தி ஏற்றுங்கள்.

வெயிலுக்காகப் பாதி நடை ராத்திரியில்தான். ஸ்டிக்கின் கீழ்த் துண்டில் 10 செ.மீ. நீளத்துக்கு ரேடியம் ஸ்டிக்கர், முன்னும் பின்னும் தெரிகிற மாதிரி. ஆடிக்கொண்டே வரும் வெளிச்சத்தை லாரி டிரைவர் தூரத்திலேயே கவனிப்பார். உடம்பை ஒட்டி ஊன்றுங்கள். அகலமாக விரித்தால் வண்டிப் பக்கம் நீட்டிக்கொள்ளும், பின்னால் வருகிறவர் கால் தடுக்கும்.

அலிபிரியில் 3,550 படி. அது ஏற்றம்தான், உங்கள் முழங்காலுக்குப் பெரிய தொல்லை இல்லை. நெருக்கமான இடத்தில் இரண்டையும் சுருக்கி ஒரு கையில் முனை கீழே பார்க்கப் பிடித்து, கைப்பிடிச் சுவரைப் பயன்படுத்துங்கள்.


பேசின்பிரிட்ஜ்_கியர்:

மூங்கில் கேள்விக்கு. வெள்ளியங்கிரிக்கு நான் மூங்கிலையே சொல்வேன். ஆள் உயரத்துக்கு இருக்கும் கழியில் லாக் இல்லை, நழுவுவதற்கு எதுவும் இல்லை. ஏறும்போது கையைக் கீழே இறக்கிப் பிடித்தால் குட்டைக் கோல், இறங்கும்போது மேலே ஏற்றிப் பிடித்தால் நெட்டைக் கோல். நாம் கிளிப் திறந்து செய்கிற வேலையைக் கை நகர்ந்தே செய்துவிடுகிறது. ஒழுங்கில்லாத கற்படியில், ராத்திரி இருட்டில், கூட்டத்துக்கு நடுவே இரண்டு ஸ்டிக்கைவிட ஒரு கழி வசதி. குறை என்று பார்த்தால் எடை, முனையில் பிடிப்பின்மை. வழுக்குப்பாறையில் ஈரம் இருந்தால் மூங்கில் முனை சறுக்கும், பாரம் போட வேண்டாம். வாங்கும்போது கணு நெருக்கமான கழியாகப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளங்கையில் சிலாம்பு ஏறும். பிடிக்கும் இடத்தில் பழைய துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிசியோ மேடம் சொன்னபடி உங்களுக்கு இடது கை.

பர்வதமலை போகும் எண்ணம் வந்தால் கணக்கு வேறு. கடப்பாறைப் படியில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மூன்று துண்டு ஸ்டிக் சுருக்கினால் 60 முதல் 65 செ.மீ. இருக்கும், பையின் பக்கவாட்டு வாரில் முனை கீழே இருக்க, மேலும் கீழும் இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டு ஏறுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கட்டினால் ஆடி, பாறையில் மாட்டும்.

பாறைக்கு எந்த முனை என்பது பலரும் குழப்பிக்கொள்வது. காய்ந்த வழவழப்பான பாறையில் ரப்பர். மண், சரளை, புல், சொரசொரப்பான கல் என்றால் ரப்பரைக் கழற்றிவிட்டுக் கார்பைடு. சேற்றில் ரப்பர் அறவே உதவாது. பாசி படிந்த ஈரப் பாறையில் எந்த முனையையும் நம்பாதீர்கள், சமநிலைக்கு மட்டும் தொட்டு நடங்கள். கழற்றிய ரப்பரைப் பையில் போடுங்கள். மாட்டிக்கொண்டே நடந்தால் முனைப் பக்கம் வீண் எடை.

வழியில் உடைந்தால்: ஹோஸ் கிளிப் 2, டக்ட் டேப் 2 மீட்டர் எடுத்துப் போங்கள். டேப்பைத் தனியாகச் சுமக்க வேண்டாம், பிடிக்குக் கீழே ஸ்டிக்கிலேயே சுற்றி வையுங்கள். அலுமினியம் வளைந்தால் சுத்தமாக நிமிர்த்த முயலாதீர்கள், நிமிர்த்தும்போதுதான் முறியும். முழங்கால் மேல் வைத்து, மெதுவாக, நடக்கிற அளவுக்கு மட்டும். முறிந்துவிட்டால் கூடார ஆணி இரண்டை முறிவின் இருபுறமும் வைத்து, மேலே ஒரு கிளிப், கீழே ஒரு கிளிப் முறுக்கி, அதன் மேல் டேப். அது சமநிலைக்கு உதவும், பாரம் தாங்காது. ஊர் திரும்பியதும் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். வாங்கும்போதே உதிரித் துண்டும் முனையும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாக்டோக்ராவுக்கு விமானம் என்றால் ஸ்டிக்கை செக்-இன் பையில் போடுங்கள், கேபினில் விட மாட்டார்கள். முனைகளுக்கு ரப்பர் மாட்டி, பைக்குள் மூலைவாக்கில். நியூ ஜல்பைகுரிக்கு ரயில் என்றால் இந்தத் தொல்லை இல்லை.


தண்டையார்பேட்டை_நடை:

எல்லாம் குறித்துக்கொண்டேன். ஃபிட்டர் அண்ணே, அந்தப் பழைய ஜோடியை மாடிப்படிப் பழக்கத்துக்காவது மீட்க முடியுமா? ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று திருகினால் உள்குழாய் சும்மா சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.


மணலி_ஃபிட்டர்:

இரண்டும் வேறு வேறு நோய் தம்பி.

அசையாதது: வெளிக்குழாயின் வாய்ப்பகுதியை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் 20 வினாடி காட்டுங்கள். வெளிக்குழாய் முதலில் விரியும், அந்த நேரத்துக்குள் வேலை நடக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு குழாயிலும் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லாக் ஆகும் திசைக்கு எதிராகத் திருகிக்கொண்டே இழுங்கள். குறடு போடாதீர்கள், மெல்லிய குழாய் அமுங்கினால் கதை முடிந்தது. 4, 5 தரம் செய்தும் வரவில்லை என்றால் வாயில் துருநீக்கி எண்ணெய் 2 சொட்டு விட்டு, அந்த வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். வெளியே வந்த பிறகு அந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்தே ஆக வேண்டும். வெள்ளைப் பொடியைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் எடுங்கள். உப்புத்தாள் போட்டால் மிச்சப் பூச்சும் போய்விடும்.

சும்மா சுற்றுவது: உள்குழாய் நுனியில் ஒரு திருகும், அதில் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் விரிப்பானும் இருக்கும். திருகும்போது விரிப்பான் வெளிக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் திருகு அதற்குள் ஏறி அதை விரிக்கும். தேய்ந்தோ, பொடி படிந்தோ பிடிப்பு போனால் அதுவும் சேர்ந்து சுற்றும். உள்குழாயைப் பக்கவாட்டில் லேசாக நெம்பிப் பிடித்தபடி, எதிர்த்திசையில் திருகிக்கொண்டே இழுங்கள், வந்துவிடும். வெளியே எடுத்து விரிப்பானைக் கழுவிக் காய வைத்து, வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். நன்றாக இருந்தால் கையால் திருகி, குழாய்க்குள் சற்று இறுக்கமாக நுழையும் அளவுக்கு விரித்துவிட்டு உள்ளே விடுங்கள். குழாயில் ஸ்டாப் என்று கோடு இருக்கும், அதைத் தாண்டி வெளியே இழுக்காமல் கையால் திருகி இறுக்குங்கள்.

பிறகு மேலே சொன்ன டேப் சோதனை. சம தரையில், ரப்பர் முனையோடு, முழு பாரமும் போட்டு மூன்று தரம். ஒரு தரம் நழுவினாலும் அந்த ஸ்டிக்கை மாடிப்படிக்குக் கொண்டு போகாதீர்கள், சமதளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.